ஐந்தாவது ஆள்

பிணத்தின் கால் கட்டைவிரல் அசைந்தது!

இன்ஸ்பெக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

இப்போது அசையவில்லை.

"ஏட்டு... பார்த்தீங்களா?"

"எதை சார்?"

"கட்டைவிரல். ஆடுச்சு."

ஏட்டு எட்டிப் பார்த்தார். "வண்டி இப்பத்தான் பள்ளத்துல இறங்கி நின்னுச்சு சார். பெட்டியே ஆடுச்சு. விரல் மட்டும் ஆடாம இருக்குமா?"

நடுப்பகல். பெரிய சாலையின் நடுவில் ஒரு லோடு வேன். அதன் மேல் மூடாத சவப்பெட்டி. பெட்டிக்குள் கணுக்காலிலிருந்து கழுத்து வரை வெள்ளைத் துணி, தலையில் காது வரை இழுத்துவிட்ட கம்பளித் தொப்பி. வேனுக்குப் பின்னால் தெரு கொள்ளாத கூட்டம். முன்னால் சாலையை அடைத்துக்கொண்டு இரண்டு போலீஸ் வேன்கள்.

நடுவில் இன்ஸ்பெக்டர்... கழுத்தெல்லாம் வியர்வையோடு!

பெட்டிக்குள் படுத்திருந்தவர் பெயிண்ட் கம்பெனியின் தொழிலாளர் சங்கச் செயலாளர். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது, அது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் அவர் 'மைக்'. கையில் மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும் குரல்.

போன வருஷமும் இப்படி ஒரு சவ ஊர்வலம் நடந்தது. இதே மைக், இதே மாதிரி ஒரு பெட்டி. நம் இன்ஸ்பெக்டர் பயபக்தியோடு தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். போக்குவரத்தை நிறுத்தி வழிகூட விட்டார். கம்பெனி வாசல் வந்ததும் பிணம் எழுந்து உட்கார்ந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தது. பிறகு ஒரு மணி நேரம் பேசியது!

மறுநாள் எல்லாப் பேப்பரிலும் படம். உட்கார்ந்திருக்கும் பிணம், பக்கத்தில் தொப்பியில்லாத இன்ஸ்பெக்டர். அவருடைய மாமியார் அந்தப் படத்தைக் கத்தரித்து வீட்டு பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறார். சூடு கண்ட பூனை!

இந்தத் தடவை சட்டம் வேறு இறுக்கமாக இருந்தது. கம்பெனி வாசலில் தினமும் கூட்டம் கூடுகிறது, லாரி உள்ளே போக முடியவில்லை என்று கம்பெனி மேனேஜர் மேலிடத்தில் அழுது புலம்பி ஒரு தடை உத்தரவு வாங்கியிருந்தார். கம்பெனி இருக்கும் இந்தச் சாலையில் ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நிற்கக் கூடாது. மீறினால் போலீஸ் கலைக்கலாம், பிடிக்கலாம், வேனில் ஏற்றலாம். இரண்டுக்கு மட்டும் விலக்கு.

கல்யாணம்... சாவு!

ஆகவே பெட்டிக்குள் இருப்பவர் செத்திருந்தால் இது சவ ஊர்வலம். இருநூறு பேர் வந்தாலும் சட்டம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உயிரோடு இருந்தால் சட்டவிரோதக் கூட்டம். பெட்டியோடு சேர்த்துத் தூக்கலாம்.

காலையில் ஸ்டேஷனுக்கு ஒரு போன் வந்திருந்தது. வாயில் துணியைப் பொத்திக்கொண்டு பேசிய குரல். போன வருஷ நாடகம்தான் இந்த வருஷமும், மைக் உயிரோடுதான் இருக்கிறார், கம்பெனி வாசலில் எழுந்து உட்காரப் போகிறார் என்று சொல்லிவிட்டு அது வைத்துவிட்டது.

மேலதிகாரியும் கூப்பிட்டிருந்தார். இன்னொரு தரம் பிணம் பேசினால் நீ பேசவே வேண்டாம், தொப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டுப் போ என்று அன்பாகச் சொல்லியிருந்தார்.

சரி, நிஜமான சாவாக இருந்துவிட்டால்? நடுரோட்டில் சவ ஊர்வலத்தை மறித்த பாவம். அதுவும் ஒரு குற்றம்தான். இருநூறு செல்போன்கள் இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதென்று தாண்டவும் முடியாது.

இன்ஸ்பெக்டர் லோடு வேனில் ஏறினார்.

முதலில் கறுப்புக் கண்ணாடியைப் பிணத்தின் மூக்கருகே பிடித்தார். ஆவி படிகிறதா? படியவில்லை. மூச்சை அடக்கத் தெரிந்த ஆள், மேடையில் பழக்கம்!

ஓர் ஈ வந்து பிணத்தின் மூக்கில் உட்கார்ந்தது. அது போகும் வரை கண் கொட்டாமல் காத்திருந்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

கடைசியில் குனிந்து, காதோடு காதாகக் கிசுகிசுத்தார்.

"மைக்... உங்க சங்கம் ஸ்ட்ரைக்கை வாபஸ் வாங்கிடுச்சு."

ஒன்றுமில்லை!

கீழே நின்ற ஏட்டு தொண்டையைச் செருமினார். "சார், இதுக்கே எழுந்திருக்கலைன்னா... ஆள் போயிட்டார்னுதான் அர்த்தம்."

"சும்மா இருங்கய்யா."

பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மைக்கின் மனைவி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. இன்ஸ்பெக்டர் படும் பாட்டைக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவருடைய சந்தேகத்தை இன்னும் கிளறியது. புருஷன் செத்தவள் இப்படியா நிற்பாள்?

நேற்று அவள் அழுதாள். ஸ்டேஷனுக்கு இரண்டு தடவை வந்து அழுதாள். சங்க விஷயமாக மேனேஜரைப் பார்க்கப் போன மனுஷன் சாயங்காலம் பெட்டியில் வந்தார் என்றாள். மேனேஜர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார் என்று கம்பெனி டாக்டர் சர்டிபிகேட் எழுதிக் கொடுத்திருக்கிறார், நான் நம்பவில்லை என்றாள். பெரியாஸ்பத்திரிக்கு ஓடினால், போலீஸ் சொல்லாமல் பிணத்தைத் தொட மாட்டோம் என்று அங்கே கைவிரித்துவிட்டார்கள். ஒரே ஓர் அரசாங்க டாக்டர், ஒரே ஒரு முறை பார்த்தால் போதும். மண்ணைப் போட்டு மூடிவிட்டால் பிறகு யார் பார்ப்பார்கள்?

அவள் கேட்டது அவ்வளவுதான்.

இன்ஸ்பெக்டர் அதை ஒத்திகை என்று நினைத்தார். "நாடகத்தைக் கொண்டுபோய் வேற எங்கயாவது வெச்சுக்கங்க. கலைஞ்சு போங்க" என்றார். ஒற்றைப் பெண்ணைப் பார்த்து 'கலைஞ்சு போங்க' என்று சொன்ன போலீஸ்காரர் உலகத்திலேயே இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கார் ஹாரன் அடித்தபடி வந்து நின்றது.

இறங்கியவர் கம்பெனி மேனேஜர். கையில் பெரிய மலர் வளையம்!

அவர் இன்ஸ்பெக்டரைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனார். என்ன இது, சாவு வீட்டுக்காரர்களை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று கடிந்துகொண்டார். மைக் தனக்குத் தம்பி மாதிரி என்றார். இடுகாட்டுச் செலவெல்லாம் கம்பெனியே ஏற்கிறது என்றார். குழிகூடத் தோண்டித் தயாராக இருக்கிறதாம்.

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், கூட்டம் கூடாம பாருங்கன்னு உத்தரவு வாங்கினதே நீங்க."

"அது போராட்டத்துக்கு. இது சாவு. விலக்கு இருக்கே, படிச்சுப் பாருங்க."

"உங்க வாசலுக்கு வந்து எழுந்து உட்கார்ந்தார்னா?"

மேனேஜர் சிரித்தார். "எழுந்திருக்க மாட்டார் இன்ஸ்பெக்டர். என்னை நம்புங்க."

அந்தச் சிரிப்பில்தான் இன்ஸ்பெக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். பாவம், இந்த அப்பாவி மேனேஜரையும் மைக் ஏமாற்றிவிட்டான்! இவரையாவது நாம் காப்பாற்ற வேண்டும்!

(நம் இன்ஸ்பெக்டர் நல்லவர். கெட்டிக்காரர் என்று எங்கேயாவது நாம் சொன்னோமா?)

"ஏட்டு, பெரியாஸ்பத்திரிக்கு வண்டி அனுப்புங்க. ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வாங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க."

"எதுக்கு டாக்டர்?" என்றார் மேனேஜர். குரல் லேசாகப் பிசிறடித்தது. "அதான் சர்டிபிகேட் இருக்கே..."

"போன வருஷமும் ஒண்ணு காட்டினாங்க சார். கம்பெனி டாக்டர் சீல்கூட இருந்துச்சு. உருளைக்கிழங்குல செதுக்கினது."

பெரியாஸ்பத்திரி அடுத்த திருப்பத்தில்தான். டாக்டரம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்த கையோடு இழுத்து வரப்பட்டிருந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் லோடு வேனில் ஏறினார்.

கண் இமையைத் தூக்கினார். கையைத் தூக்கிப் பார்த்தார். நெஞ்சில் ஸ்டெத்தை வைத்தார்.

இருநூறு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

"செத்து ஒரு நாள் ஆச்சு இன்ஸ்பெக்டர். இதைச் சொல்றதுக்கு ஒரு டாக்டர் வேணுமா?"

இன்ஸ்பெக்டரின் காதில் மாமியாரின் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து வளர்ந்தது. மேனேஜர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, இனியாவது எடுத்துக்கொண்டு போகட்டும் என்றார். லோடு வேன் டிரைவர் சாவியைத் திருகினார்.

"ஒரு நிமிஷம்." டாக்டரம்மா இன்னும் இறங்கவில்லை. "இந்த வெயில்ல எதுக்குக் கம்பளித் தொப்பி?"

மாரடைப்பு என்று சர்டிபிகேட் கொடுத்து, கம்பெனிக்காரர்களே மாட்டி அனுப்பினார்கள், கழற்ற வேண்டாம் என்றார்கள் என்று மைக்கின் மனைவி மெல்லச் சொன்னாள்.

டாக்டரம்மா தொப்பியைக் கழற்றினார். தலைக்கு அடியில் கையை விட்டார்.

கை அங்கேயே நின்றது!

"மாரடைப்புன்னா சொன்னீங்க?" அவர் இன்ஸ்பெக்டரைப் பார்க்காமலே கேட்டார். "மாரடைப்புல போனவருக்குப் பின்மண்டை எப்படி உடையும்?"

வேன் இன்ஜின் யாரோ சொன்ன மாதிரி தானாக நின்றது.

டாக்டரம்மா கீழே இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டார்.

"போலீஸ் கூப்பிட்டு வந்தேன். போலீஸ் முன்னாடி பார்த்தேன். இனி பார்க்காத மாதிரி நானும் இருக்க முடியாது, நீங்களும் இருக்க முடியாது. நீங்க கேஸ் எழுதணும். நான் போஸ்ட்மார்ட்டம் பண்ணணும். பெட்டியை ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்க."

மைக்கின் மனைவி அப்போதுதான் பெட்டியை விட்டுக் கையை எடுத்தாள். எடுத்த கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். இந்த முறை அதை யாரும் படம் எடுக்கவில்லை. நேற்று இரண்டு தடவை வந்தவளை இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினோமே என்று அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

ஆனால் வெட்கப்பட நேரமில்லை. மேனேஜர் நழுவிக்கொண்டிருந்தார்!

மலர் வளையத்தை அங்கேயே போட்டுவிட்டு, இஞ்சி தின்ற குரங்கு முகத்தோடு, கூட்டத்துக்குள் முட்டி மோதிக்கொண்டு காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். காரின் பின்சீட்டில் ஒரு பெரிய சூட்கேஸ். அதை மைக்கின் மனைவியும் பார்த்துவிட்டாள்.

"சார், அவர் ஊரைவிட்டுக் கிளம்பறார். விட்டா கிடைக்க மாட்டார்."

"தெரியுதும்மா. ஆனா எதை வெச்சு நிறுத்தறது?" இன்ஸ்பெக்டர் கையைப் பிசைந்தார். "மண்டை உடைஞ்சிருக்குன்னுதான் டாக்டர் சொன்னாங்க. யார் உடைச்சதுன்னு சொல்லலை. பெரிய இடம். காரணமில்லாம கை வெச்சா, அடுத்த நிமிஷம் வக்கீல் வந்து நிப்பார். ரிப்போர்ட் வரட்டும்..."

"ரிப்போர்ட் வரும். அவர் இருக்க மாட்டார்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. விடுவிடென்று நடந்தாள்.

இன்ஸ்பெக்டருக்குக் கடமை நினைவுக்கு வந்தது. பெட்டி ஆஸ்பத்திரிக்குத் திரும்பிவிட்டது. பெட்டி போனால் சவ ஊர்வலம் ஏது? விலக்கு முடிந்தது. தடை உத்தரவு இனி எல்லோருக்கும் உண்டு. மெகாபோனை வாங்கி அவர் அதை அறிவித்தார்.

கூட்டம் முணுமுணுக்கவில்லை. ஒரு கல்கூட விழவில்லை. அந்தத் தெருவுக்குத் தடை உத்தரவு புதிதா என்ன? மைக் பழக்கி வைத்த பழக்கம் ஒன்று இருந்தது. உத்தரவு என்றதும் எல்லோரும் நாலு நாலு பேராகப் பிரிந்தார்கள். ஒவ்வொரு நாலு பேருக்கும் நடுவில் நல்ல இடைவெளி. சாலை நெடுகிலும் நாலு பேர்... நாலு பேர்... நாலு பேர்! எந்த நாலு பேரையும் எந்தச் சட்டமும் ஒன்றும் செய்ய முடியாது.

அதில் ஒரு நாலு பேர் மேனேஜரின் காரை ஒட்டி நின்றார்கள். மைக்கின் மனைவி, அவளுடைய அக்கா, நாத்தனார், ஓரகத்தி. கதவுக்கு ஒருத்தியாகச் சாய்ந்துகொண்டு.

"தள்ளுங்கம்மா" என்றார் மேனேஜர்.

யாரும் தள்ளவில்லை. மறிக்கவும் இல்லை. வெறுமனே நின்றார்கள். அவர் அவர்களுக்கு நடுவில் புகுந்து கதவுக் கைப்பிடியைப் பிடித்தார்.

இன்ஸ்பெக்டர் தூரத்திலிருந்து பார்த்தார். ஒரு தொழிலை வருஷக்கணக்காகச் செய்தவனுக்குக் கை தானாக வேலை செய்யும். கூட்டத்தைப் பார்த்தால் தலையை எண்ணுவது அவர் கையின் பழக்கம். விரல்கள் தாமாக மடங்கின.

ஒன்று... இரண்டு... மூன்று... நான்கு...

கட்டைவிரலும் மடங்கியது!

இன்ஸ்பெக்டர் ஓடினார். அந்தத் தொந்தியை வைத்துக்கொண்டு அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சார், கொஞ்சம் கையை எடுங்க. வேன்ல ஏறுங்க."

"எதுக்கு?"

"அஞ்சு பேர் கூடியிருக்கீங்க. தடை உத்தரவு."

மேனேஜர் கடகடவென்று சிரித்தார். "அப்ப இவங்களைப் பிடிங்க."

"இவங்க நாலு பேரா நின்னாங்க. சட்டப்படி நின்னாங்க. அஞ்சாவதா வந்து சேர்ந்தது நீங்கதான்."

"என் காருக்கு வந்தேன்யா."

"கார் பொது ரோட்டுல நிக்குதே சார்."

"யோவ், இந்த உத்தரவே நான் கேட்டு வாங்கினது."

"அதுதான் வசதியாப் போச்சு. உத்தரவு இருக்கறது தெரியாதுன்னு நீங்க சொல்ல முடியாது."

ஆப்பசைத்த குரங்கு! ஏட்டு ஒரு கையைப் பிடித்தார். இன்னொரு கையை இன்ஸ்பெக்டரே பிடித்தார். சாலை நெடுகிலும் நின்ற நாலு பேர்கள் சத்தமில்லாமல் பார்த்தார்கள். கைதட்டினால் அது ஆர்ப்பாட்டமாகிவிடும் என்று அவர்களுக்குத் தெரியும்.

வேனில் ஏறியதும் மேனேஜருக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. தன்னை யாரென்று நினைத்தீர்கள் என்று ஆரம்பித்தார். மேலிடத்தில் இன்னார் இன்னாரைத் தெரியும் என்றார். வேனுக்குள் ஒருவரும் பதில் பேசாததால் இன்னும் கொதித்தார்.

"கூட்டம் கூடினேன்னுதானே பிடிச்சீங்க? அதோட நிறுத்திக்கங்க. படியில அவனை நான்தான் தள்ளினேன்னு எவனாவது பார்த்தானா?"

ஏட்டு நிதானமாகத் திரும்பினார்.

"எந்தப் படி சார்? நாற்காலியிலதானே போனார்?"

அதன் பிறகு ஸ்டேஷன் வரும் வரை மேனேஜர் பேசவில்லை. ஸ்டேஷன் வந்ததும் எல்லாவற்றையும் பேசினார். மைக்கோடு வாக்குவாதம், மாடிப்படி, ஒரு தள்ளு, பயம், கம்பெனி டாக்டர், கம்பளித் தொப்பி... வரிசையாக வந்தது.

சாயங்காலம் மைக்கின் மனைவி ஸ்டேஷனுக்கு வந்தாள். புகாரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டார். நேற்றுக்காக மன்னிப்புக் கேட்டார். சொல்லி முடிக்கும்வரை அவளை நேராகப் பார்க்க அவரால் முடியவில்லை.

அவள் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு இன்று முதல் முறையாகக் குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஏட்டு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுது முடியும்வரை ஒருவரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

பிறகு இன்ஸ்பெக்டர் மெல்ல ஆரம்பித்தார்.

"ஒண்ணுதாம்மா உறுத்துது. உங்க வீட்டுக்காரர் உயிரோட இருக்கார்னு காலையில எவனோ போன் பண்ணினான். போலீசுக்குப் பொய்த் தகவல் குடுக்கறது பெரிய குற்றம். அவனைப் பிடிக்கணும். உங்களுக்கு யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அதே முந்தானையை எடுத்து வாயில் பொத்தினாள்.

"நான்தான் சார்."

குரல் அச்சு அசலாக அதே குரல்!

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "நீங்களா? ஏம்மா?"

"செத்துட்டார்னு ரெண்டு தடவை நேர்ல வந்து சொன்னேன், தலை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. உயிரோட இருக்கார்னு ஒரே ஒரு போன்தான் போட்டேன்... டாக்டரோட வந்து நின்னீங்க!"